கத்திரி வெயிலில் வந்த சம்மந்தி

மூன்று வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதம், கத்திரி தொடங்கிய நாலாம் நாள், எங்கள் செஞ்சியில் ராஜகிரிக் கோட்டைப் படியில் நடந்த விஷயம் இது. மறக்க முடியாத அனுபவம் என்றால் பலரும் கண் கலங்கி எழுதுகிறார்கள். எனக்குக் கண் கலங்காது. இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது, அவ்வளவு கோபம். யார் மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே வைத்திருக்கிறேன். அந்த வரிசையில் முதலில் நிற்கும் ஆள் மட்டும் அன்று சாயங்காலம் மாறிப்போனார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அவலூர்பேட்டைப் பக்கம் பிறந்து, இருபது வயதில் செஞ்சிக்கு வாழ வந்தவள். முப்பது வருடமாக அந்த மலைக்குக் கீழே உட்கார்ந்து மிஷின் மிதிக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்கள் கோட்டைக்கு வழி கேட்பது பெரும்பாலும் என் கடையில்தான்.

எந்த மாதம் மலை எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, படி வழுக்கும். மார்கழியில் இருந்து மாசி வரைக்கும் பாறை குளிர்ந்து கிடக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், மதியம்கூட ஏறலாம். காணும் பொங்கலன்று பாதி ஊர் கட்டுச்சோற்றோடு கோட்டையில்தான் இருக்கும். பங்குனி பிறந்தால் பாறை சூடு பிடிக்க ஆரம்பிக்கும். கத்திரியில் அந்தப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்கும் விடாது. அந்த நாளில் உள்ளூர்க்காரர்கள் யாரும் உச்சிக்கு ஏறுவதில்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகளை நாகப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வங்கியில் வேலை. மகள் அங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சம்மந்தி ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடப்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் மணி அடித்தால்தான் சாப்பாடு, அவர் சொன்னால்தான் மணி. சம்மந்தி அம்மா அதிகம் பேசாதவர். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து அதற்குத் தகுந்தபடி சிரிப்பார்.

கல்யாணம் முடிந்த வருடம் ஐப்பசியில் நாங்கள் மகளைப் பார்க்க வரலாமா என்று கேட்டோம். சம்மந்தி போனிலேயே பளிச்சென்று சொல்லிவிட்டார். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், புயல் காலம், கடல் பக்கமே போக முடியாது, தை மாதம் வந்தால் நிம்மதியாகக் கரையோரமாக நடக்கலாம் என்றார். நாங்கள் தை மாதம் போனோம். கடல் அமைதியாக இருந்தது, காற்று இதமாக இருந்தது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தன் ஊர்க் காலத்தைத் தெரிந்தவர், தெரிந்ததை வாய் திறந்து சொன்னார், எங்களுக்கு நல்லதாயிற்று. இதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஆனால் அவர் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் இந்த மாதம் வராதே என்று சொன்னால் அது அக்கறை. பெண்ணைக் கொடுத்தவர்கள் சொன்னால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

எனக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு தடவை கிடைத்திருந்தது. கல்யாணப் பந்தியில் இலை நிறைந்துவிட்டது என்று சம்மந்தியின் அக்காவை அடுத்த பந்தியில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், நின்றுகொண்டே இருக்கிறாரே என்று. “உங்கம்மா எங்களைப் பந்தியில இருந்து எழுப்பி விட்டவங்கதானே” என்ற பேச்சை என் மகள் அந்த வீட்டில் ஆறு மாதம் கேட்க வேண்டியிருந்தது. குழம்பில் உப்பு கூடினாலும் அந்தப் பந்தியில் போய்த்தான் முடியும். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டாரிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் சம்மந்தி அம்மா போன் செய்தார். கோட்டை பார்க்க வரலாம் என்று இருக்கிறோம், எப்போது வந்தால் தோதாக இருக்கும் என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வாங்க என்றேன். வெயில் எப்படி என்று கேட்டார். வெயில் எங்கேதான் இல்லை, நீங்க வாங்க அண்ணி என்றேன். அங்கே எந்த மாதம் நல்லா இருக்கும் என்று மூன்றாவது தடவை கேட்டார். நீங்கள் வருகிற மாதம்தான் எங்களுக்கு நல்ல மாதம் என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். எவ்வளவு அழகாகப் பேசிவிட்டோம் என்று ஒரு பெருமை வேறு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

பிறகு சம்மந்தி போனை வாங்கினார். மே மாதம் முதல் வாரம் வருகிறோம் என்றார். மருமகளுக்குப் பள்ளி விடுமுறை, பையனுக்கும் இரண்டு நாள் லீவு கிடைக்கும், அது மட்டும் இல்லை, கோட்டையைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன், மே மாதம் போனால் கூட்டமே இருக்காதாம், கோட்டையே நம்முடையது மாதிரி இருக்குமாம் என்றார். கூட்டம் ஏன் இருக்காது என்று முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்திய மனிதருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டாமா? அந்த வீடியோ போட்ட புண்ணியவான் எந்த மாதத்தில் வந்து எடுத்தானோ, அவன் பின்னால் புல் பச்சைப் பசேலென்று இருந்ததை நானும் பிறகு பார்த்தேன். கத்திரியில் எங்கள் கோட்டையில் ஏது பச்சை? அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். கத்திரியில் எப்படி ஏற்றுவது, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல் “வராங்கன்றப்ப வராதன்னு சொல்ல முடியுமா, உன் வேலைய பாரு” என்றார். மகளுக்குப் போன் செய்தேன். அவள் கெஞ்சுகிற குரலில் பேசினாள்.

“அம்மா, மாமா நோட்டுல எல்லாம் எழுதி வச்சிட்டாரும்மா. நீ இப்ப எதனா சொன்னா, நாம வரது உங்க வீட்டுக்குப் புடிக்கலியான்னு என்னைத்தான் கேப்பாங்க. ஒரு நாள்தானே. தயவு செஞ்சி எதுவும் சொல்லாத.”

நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு மண்பானை வாங்கினேன். நன்னாரி வேர் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நாலு தொப்பி வாங்கினேன். ஒரு வார்த்தை செய்ய வேண்டிய வேலையை இத்தனை சாமானும் சேர்ந்து செய்துவிடும் என்று நினைத்தேன்.

அவர்கள் முதல் நாள் சாயங்காலம் காரில் வந்து சேர்ந்தார்கள். கைகால் கழுவியதும் சம்மந்தி நோட்டைப் பிரித்துக் காட்டினார். கட்டம் போட்ட தாளில் முத்து முத்தான எழுத்து. பத்து மணிக்கு ஏறத் தொடங்குவது, பதினொன்றே காலுக்கு உச்சி, அரை மணி நேரம் மேலே, ஒரு மணிக்குக் கீழே, ஒன்றரைக்குச் சாப்பாடு.  நான் சுற்றி வளைத்து ஒரு முயற்சி செய்தேன். கோட்டை காலையிலேயே திறந்துவிடுவார்கள், திறந்ததும் ஏறிவிட்டால் சீக்கிரம் வந்து ஓய்வு எடுக்கலாமே என்றேன். அவர் சிரித்தார்.

“கடற்கரையில பொறந்து வளர்ந்தவங்கம்மா நாங்க. எங்களுக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க” என்றார்.

கடற்கரை வெயிலும் பொல்லாததுதான். ஆனால் அங்கே பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று வந்து முகத்தைத் துடைத்துவிடும். எங்கள் மலையில் யார் வந்து துடைப்பார்கள்? இது என் மனதுக்குள் ஓடிய பேச்சு. வெளியே நான் சொன்னது, “ஆமாங்கண்ணா, உங்களுக்குத் தெரியாததா” என்பது மட்டும்தான்.

மறுநாள் நான் நாலு மணிக்கே எழுந்து இட்லி ஊற்றிவிட்டேன். ஏழு மணிக்குள் எல்லோரும் சாப்பிட்டால் எப்படியாவது நகர்த்திவிடலாம் என்று ஒரு ஆசை. சம்மந்தி நோட்டில் இருந்தபடிதான் எழுந்தார், குளித்தார், பேப்பர் படித்தார், சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று சொல்லி ஆட்டுக்கறி வாங்கப் போய்விட்டார். ஏறப் போனது நாங்கள் ஐந்து பேர்: சம்மந்தி, சம்மந்தி அம்மா, மாப்பிள்ளை, மகள், நான். டிக்கெட் எடுத்து உள்ளே போகும்போது பத்தே கால். கால் மணி நேரம் தாமதம் என்று சம்மந்தி முகம் சுளித்தார்.

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. வீடியோ சொன்னது உண்மை, கோட்டை முழுவதும் எங்களுடையதாகத்தான் இருந்தது. டிக்கெட் கொடுத்தவர் தண்ணீர் நிறைய எடுத்துப் போங்க என்றார். நான் எட்டுப் பாட்டில் கொண்டு வந்திருந்தேன். இவ்வளவு சுமை எதற்கு, ஆளுக்கு ஒன்று போதும் என்று மூன்றை சம்மந்தி காரிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். மிச்சம் ஐந்தில் இரண்டைப் படி ஆரம்பத்திலேயே குரங்கு பையோடு பிடுங்கிக்கொண்டு போனது.

ஏற ஆரம்பித்தோம். சம்மந்தியும் மாப்பிள்ளையும் முன்னால். மகள் நடுவில், அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு. சம்மந்தி அம்மாவும் நானும் கடைசியில். நூறு படி தாண்டுவதற்குள் செருப்பு வழியாகச் சூடு ஏறியது. கைப்பிடிக்காகச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. சம்மந்தி அம்மா புதுச் சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதற்காக எடுத்ததாம். தலையில் நான் கொடுத்த தொப்பி. முகம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

பாதி வழியில் ஒரு மண்டபத்து நிழலில் நின்றோம். உட்காரலாமா அண்ணி என்று கேட்டேன். அவர் அதே சிரிப்போடு, நீங்க உட்கார்ந்தா உட்காருறேன், நீங்க போலாம்னா போலாம் என்றார். நான் அதை, போகத்தான் ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேலே இருந்து சம்மந்தி கைக்கடிகாரத்தைக் காட்டி, இன்னொரு எட்டு நிமிஷம் லேட் என்று குரல் கொடுத்தார். மகளையும் முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள், போ என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர்கள் மூவரும் திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் உட்காராமலே மறுபடி ஏறினோம்.

அங்கிருந்து ஒரு ஐம்பது படி இருக்கும். சம்மந்தி அம்மா நின்றுவிட்டார். அதுவரை வேர்த்து ஊற்றிய முகம் காய்ந்து போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். என்னைப் பார்த்தார். ஆனால் என்னைத்தான் பார்க்கிறார் என்று சொல்ல முடியவில்லை.

“கடல் எந்தப் பக்கம்? இன்னும் காத்து வரலியே” என்றார்.

 அண்ணி, இது செஞ்சி அண்ணி என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே மேலே பார்த்தார், அப்படியே சுவரோடு சரிந்தார். பிடிக்கப் போனேன். அவர் கை அப்படிக் கொதித்தது, காய்ச்சல்காரர் கைகூட அப்படி இருக்காது. என்னிடம் இருந்த பாட்டிலில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம். அந்தத் தண்ணீரும் சுட்டது. மகள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பாறையில் மோதி என் குரல்தான் திரும்பி வந்தது.

மகள் வருவதற்கு முன்னால் கீழே இருந்து ஒரு பெண் ஓடி வந்தார். படிகளைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, தலையில் துண்டு, தோளில் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கிப் போடும் கோணி. என் வயதுதான் இருக்கும். என்னிடம் ஒன்றும் கேட்காமல் கோணியைக் கீழே போட்டு, சம்மந்தி அம்மாவின் அக்குளில் கை கொடுத்து, காலைப் பிடி என்றார். இரண்டு பேரும் தூக்கி, பாறை வெளியே நீட்டிக்கொண்டு கொஞ்சம் நிழல் விழுந்திருந்த இடத்தில் கிடத்தினோம். அவர் படியில் வைத்திருந்த தன் தண்ணீர்க் கேனை எடுத்து வந்து சம்மந்தி அம்மாவின் சேலையைத் தளர்த்தி, கழுத்து, மார்பு, தொடை என்று நனைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து நனைத்துப் பிடரியில் வைத்தார். நான் பாட்டிலை வாயில் வைக்கப் போனதைத் தட்டிவிட்டார், நினைவு இல்லாதவங்களுக்கு வாயில ஊத்தாத, பொறை ஏறிடும் என்றார். கோணியை மடித்து என் கையில் கொடுத்து விசிறச் சொன்னார். பிறகு இடுப்பில் இருந்த போனை எடுத்துக் கீழே இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இரண்டு ஆளையும் ஒரு போர்வையையும் அனுப்பி, ஆம்புலன்சையும் வரச் சொல் என்றார். இத்தனையும் என் பதற்றம் அடங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். செஞ்சிதான் என்றேன். துண்டை மறுபடி நனைத்துக்கொண்டே கேட்டார்.

“செஞ்சிலயே இருந்துகினு கத்திரில இட்டாந்து ஏத்துனியா? வெளியூருகாரங்களுக்குத் தெரியாது, பாவம். உனக்கு இன்னா வந்துச்சி?”

 சம்மந்தி வீடு, பெண்ணைக் கொடுத்த இடம், பந்தி, நோட்டு என்று அந்தப் பாறையில் உட்கார்ந்து அவரிடம் எதை விளக்குவது? முப்பது வருடம் மலையடியில் இருந்தும் எனக்குச் சொல்லத் துணிவு வராததை அவர் பழக்கமே இல்லாத என்னிடம் கேட்டுவிட்டார்.

அதற்குள் என் சத்தம் எட்டி மூன்று பேரும் இறங்கி ஓடி வந்தார்கள். மகள் தன் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்தாள். மாப்பிள்ளை என் கையில் இருந்த கோணியை வாங்கி விசிற ஆரம்பித்தார். சம்மந்தி என்ன செய்தார் தெரியுமா? மனைவியின் சேலை கலைந்து கிடப்பதைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். யாரும்மா நீ, இதென்ன கோலம், இந்தத் தண்ணி எங்க எடுத்தது என்று கேட்க ஆரம்பித்தார். குற்றவாளியை விசாரிக்கிற தோரணை. அந்தப் பெண் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நனைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு எங்கே இருந்துதான் அந்தக் குரல் வந்ததோ தெரியாது. “பேசாதீங்க. வந்து காலைப் புடிங்க, தூக்கணும்” என்றேன். கல்யாணமான நாளில் இருந்து நான் அவருக்குச் சொன்ன முதல் நேரான வார்த்தை அதுதான். அவர் வாயை மூடிக்கொண்டு வந்து பிடித்தார்.

கீழே இருந்து இரண்டு ஆட்கள் போர்வையோடு வந்தார்கள். படி படியாக, நிழலில் எல்லாம் நிறுத்தி நனைத்து நனைத்து, இறக்கிக் கொண்டு வந்தோம். அந்தப் பெண் கடைசி வரைக்கும் கூடவே வந்தார். ஆம்புலன்சில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும்தான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று உறைத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். உடம்பு முழுவதும் ஈரத்துணி, ஐஸ், இரண்டு கையிலும் டிரிப். மேலேயே நனைத்துச் சூட்டைத் தணித்தது யார் என்று டாக்டர் கேட்டார். அங்கே கூட்டுகிற அம்மா என்று சொன்னேன். அவங்க இல்லாம நீங்க அப்படியே தூக்கிட்டு வந்திருந்தா என்னால இப்ப நல்லபடியா பேச முடிஞ்சிருக்காது என்றார். வெளி வராந்தாவில் என் மகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். நான்தானேம்மா உன்னைச் சொல்லாதன்னு சொன்னேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சம்மந்தி அம்மா கண் விழித்துத் தெளிவாகப் பேசினார். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மன்னிச்சிடுங்க அண்ணி என்று நான் கையைப் பிடித்து அழத் தயாராக இருந்தேன். அவர் என் அழுகைக்கு இடம் கொடுக்கவில்லை. குரல் எழும்பவில்லை, ஆனால் அதில் அப்படி ஒரு கோபம்.

“மூணு தடவை கேட்டேனே அண்ணி. நீங்க ஒரு மாசத்தைச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். எனக்குப் பிரஷர் இருக்கு, மலை ஏற எனக்கு இஷ்டமே இல்ல. நான் சொன்னா இவர் கேக்க மாட்டார். சம்மந்தி வீட்ல இந்த மாசம் வேணாங்கறாங்கன்னு சொல்லியிருந்தா, கௌரவம் பாத்தாவது நின்னிருப்பார். நீங்களும் வாங்க வாங்கன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எதை வச்சி நிறுத்தறது?”

 மண்டபத்தில் நீங்க உட்கார்ந்தா உட்காருறேன் என்று அவர் சொன்னதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டில் அவருக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லை. அதனால் என் வாயில் இருந்து ஒரு வேண்டாம் கிடைக்குமா என்று நாகப்பட்டினத்தில் இருந்து போன் செய்து மூன்று தடவை கேட்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டே மறுத்திருக்கிறேன். காலையில் இருந்து ஹெட்மாஸ்டரையும் வீடியோக்காரனையும் என் வீட்டுக்காரரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று எல்லோரையும் ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டு முதல் இடத்தில் நானே போய் நின்றேன்.

வெளியே வந்ததும் சம்மந்தி பெஞ்சில் இருந்து எழுந்தார். முகம் ஒரே நாளில் வயதாகிவிட்டிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இது: “இவ்வளவு வெயில் இருக்கும்னு எங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

எனக்குப் பொங்கிவிட்டது. வாயை இருபது பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்டால் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஐப்பசியில் எங்களை வராதே என்று நீங்கள் சொன்னபோது நாங்கள் கோபித்துக்கொண்டோமா என்று கேட்டேன். பந்தியில் சொன்ன ஒரு வார்த்தைக்கு என் மகள் ஆறு மாதம் பட்டதைக் கேட்டேன். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் என்றேன். சொல்லாமல் இருந்தது என் தப்புதான், அந்தத் தப்புக்கு என்னைப் பழக்கியது யார் என்றும் கேட்டேன். மகள் பயந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். மாப்பிள்ளை மட்டும் அவளைத் தடுத்து, அத்தை பேசட்டும் விடு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. சம்மந்தி திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் கழித்துச் சம்மந்தி அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சம்மந்தி ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு நேராகப் பேசவில்லை. போனை அவர் எடுத்தால் ‘இருங்க’ என்று சொல்லி யாரிடமாவது கொடுத்துவிடுவார். மகளிடமும் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். அவள் அதைத் தாங்கிக்கொண்டாள். சம்மந்தி அம்மாதான் இப்போது மாறிப்போனார். ஏதாவது விசேஷத்துக்கு நாள் குறித்தால், எனக்கு அந்த நாள் ஒத்து வராது என்று முதலில் சொல்கிற ஆள் அவர்தானாம். மகள் சொல்லிச் சிரிக்கிறாள்.

மறுவாரமே நான் கோட்டைக்குப் போய் அந்தக் காக்கிச் சட்டைப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டு போயிருந்தேன். அவர் குடித்துவிட்டு, அந்தம்மா பொழைச்சிகினாங்களா என்று மட்டும் கேட்டார். பிழைத்துவிட்டார் என்றதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஏன் சொல்லவில்லை என்று அவர் மறுபடி கேட்பார், சொல்லிவிடலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் கடையில் யார் வந்து கோட்டைக்கு வழி கேட்டாலும் மாதத்தைத்தான் முதலில் சொல்கிறேன். கோடையில் வருகிறவர்களிடம் கீழே இருக்கிற கோயிலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள், உச்சிக்குத் தை மாதம் வாங்க என்கிறேன். சிலர் முகம் சுருங்கும். போன வைகாசியில் என் வீட்டுக்காரரின் தங்கை குடும்பத்தோடு வருகிறேன் என்றாள். இப்போது வேண்டாம் என்றேன். அண்ணிக்குக் கொழுப்பு என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோது நகை, பாத்திரம், சீர் என்று எல்லாவற்றையும் கொடுத்தோம், என் வாயை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானாகவே அதையும் சேர்த்து அனுப்பி வைத்திருந்தேன். அதை மரியாதை என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் பயம் என்றும், என் பயத்துக்காக இன்னொருத்தி உயிரை விட இருந்தாள் என்றும் எனக்குத் தெரிந்த நாள் அது.